இரண்டாவது டூட்டி

பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். மலையுச்சியில், போடிமெட்டில் பஸ் நின்றதும் நான் முதலில் பார்த்தது ஆடுகளை. ஒன்பது ஆடுகள். எட்டு கருப்பு, ஒன்று பழுப்பு. சாலையோரத்து இரும்புத் தடுப்பில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எல்லாவற்றின் கழுத்திலும் மஞ்சள் தடவிய புதுக்கயிறு. அவற்றுக்குப் பின்னால்தான் மனிதர்கள் தெரிந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பதைத் தாண்டியபோது கூட்டம் அசைந்துவிட்டதால் எண்ணுவதை நிறுத்தினேன்.

அன்று மாசிச் சிவராத்திரி. இடுக்கி மலையில் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்யும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வருடம் முழுக்க மேலேயே இருந்தாலும், அந்த ஒரு நாள் குலசாமி கோயிலுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்து விளக்கேற்ற வேண்டும். வழக்கமாக அவர்களை ஏற்றி இறக்கும் ஜீப்புகள் அன்று ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கீழே இருக்கும் குடும்பங்கள் கோயிலுக்குப் போக வாடகைக்குப் பிடித்துவிட்டிருந்தன.

பஸ்ஸை ஓட்டி வந்தவர் என் மைத்துனர், என் மனைவியின் தம்பி. போடி டிப்போவில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். சிவராத்திரிக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அவர் பஸ்ஸில் ஏறி வந்திருந்தேன். முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கூட்டம் என்று கேட்டால் போகாமல் இருக்க முடியாது.

காலை ஐந்து பத்துக்கு வண்டியை எடுத்தவர் அவர். இந்த நடையில் ஆட்களைக் கீழே இறக்கிவிட்டால் இரண்டு மணிக்கு டூட்டி முடிந்தது. ஆனால் ஒரு பஸ்ஸில் நூற்று நாற்பது பேரும் ஒன்பது ஆடுகளும் ஏற முடியாது. மூணாற்றிலிருந்து வர வேண்டிய இன்னொரு பஸ் வரவில்லை. ஓட்ட ஆள் இல்லை என்று நடத்துனருக்குத் தகவல் வந்திருந்தது.

பிப்ரவரியில் ஆள் இல்லாமல் போவதற்குப் போடி டிப்போவில் ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. வருமான வரி கட்ட வேண்டிய சம்பளக்காரர்களுக்கு வருடக் கணக்கு பிப்ரவரிச் சம்பளத்தில்தான் தெரியவரும். டிரைவர்களின் சம்பளம் வரி விழும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் டூட்டிக்குத் தனியாகக் காசு உண்டு, ஓ.டி. என்பார்கள். வருடம் முழுக்க வாங்கிய ஓ.டி. சேர்ந்துதான் ஆளைக் கோட்டுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகும். அதனால் சீனியர் டிரைவர்கள் ஒவ்வொருவரும் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி வைத்திருப்பார்கள். ஜனவரி கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். கோடு நெருங்கிவிட்டால் டைம் கீப்பரிடம் போய் ஒரே வார்த்தை: “நான் கோட்டுல நிக்கிறேன்.” அவர் டூட்டிப் பலகையில் அந்தப் பெயருக்கு எதிரே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மார்ச் முடியும்வரை அவரைக் கூடுதல் டூட்டிக்குக் கூப்பிடக் கூடாது. அந்த ஓ.டி. எல்லாம் புதிதாகச் சேர்ந்த, சம்பளம் குறைந்த பையன்களுக்குப் போகும். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஏற்பாடு. சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருடம் என் மைத்துனர் பெயருக்கு எதிரே கோடு விழுந்திருந்தது. காரணம் வெறும் வரி மட்டும் இல்லை. அவர் மகள் மதுரையில் செவிலியர் படிப்பு. கடைசிக் கட்டணத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டினால்தான் தேர்வுக்கு அனுமதிச் சீட்டு. மார்ச் சம்பளம் முழுதாக வந்தால் கட்டிவிடலாம். அதில் கை வைத்தால் முடியாது. இதை அவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இதைப் பற்றி நாங்கள் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பேசியிருந்தோம். கூடுதல் நேர ஊதியத்துக்கு வருமான வரியிலிருந்து விலக்கு வேண்டுமா என்று ஒரு வார இதழ் என்னிடம் அரைப்பக்கம் கேட்டிருந்தது. வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். டிப்போ எதிரே டீக்கடையில் அவரிடம் அதைச் சொன்னேன்.

“ஏன் மச்சான் வேணாம்?”

“ஓ.டி.க்கு வரி கிடையாதுன்னா எல்லா முதலாளியும் சம்பளத்தக் கொறச்சு ஓ.டி.ன்னு எழுதிக் குடுப்பான். அது ஒண்ணு. ரெண்டாவது, ஒன்ன மாதிரி மணிக்கணக்கு பாத்துச் சம்பளம் வாங்குறவங்க எத்தன பேரு? தோட்டத்துல காய் எடுக்குற பொம்பளைக்கு ஓ.டி.யே கிடையாது. அவ கடையில வாங்குற சோப்புக்கு வரி கட்டுறா. ஒனக்கு மட்டும் விலக்கா?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “எட்டு மணி நேரச் சோலிக்கு வரி போடுங்க மச்சான், நான் மாட்டேங்கல. அது அவங்களுக்கு வித்த நேரம். ஒம்பதாவது மணி நான் தூங்க வச்சிருந்த நேரம். அதையும் எடுத்துக்கிட்டு, அதுலயும் பங்கு கேட்டா எப்படி?”

நல்ல வாதம். ஆனால் கோடு போடும் வழக்கத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. “ஒங்க டிப்போவுல எல்லாரும் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கீங்க மாப்ளே. கோட்டத் தாண்டினா மொத்தச் சம்பளத்துக்கும் வரியில்ல. கோட்டுக்கு மேல இருக்குற துண்டுக்கு மட்டும்தான் வரி. ஆயிரம் ரூபா தாண்டினா அதுல ஒரு பங்கு போகும், அவ்வளவுதான். ஓ.டி. வாங்கி யாரும் நஷ்டப்பட முடியாது.”

“டிப்போவுல சம்பள பில் எழுதுறவரு வேற மாதிரில்ல சொல்றாரு.”

“பில் எழுதுறவரு சொல்றத விடு. நான் பட்ஜெட்டுச் செய்தி எத்தன வருசம் பாத்திருக்கேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடத்துனர் சிரித்தார். “அண்ணே, ஒங்க மச்சான் சொல்றதக் கேட்டு வண்டி ஓட்டாதீங்க. அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

அது உண்மை.

இப்போது போடிமெட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு மைத்துனரின் போன் அடித்தது. டைம் கீப்பர். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. “அண்ணே, கோட்டுல நிக்கிறீங்கன்னு தெரியும். கேக்கவே சங்கட்டமா இருக்கு. பசங்க எல்லாம் கோயில் ஸ்பெஷலுக்குப் போயிட்டாங்க. மேல எத்தன பேருண்ணே நிக்கிறாங்க?”

“ரெண்டு வண்டிக்கு இருக்காங்க.”

“இத எறக்கிட்டு இன்னொரு நட போயிட்டு வந்துர முடியுமாண்ணே? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

மைத்துனர் போனைக் காதிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். “மச்சான், துண்டுக்கு மட்டும்தானே?”

“ஆமா,” என்றேன்.

“சரிப்பா, வர்றேன்,” என்று போனில் சொல்லி வைத்துவிட்டார்.

முதல் நடையில் நான் போகவில்லை. எனக்கு ஓர் இடம் என்றால் கோயிலுக்குப் போகிறவர் ஒருவர் நிற்க வேண்டும். மேலேயே இருந்தேன். மிச்சம் எழுபது பேர், ஐந்து ஆடுகள். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, பழுப்பு ஆட்டின் சொந்தக்காரி, என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். விடியற்காலை ஆறு மணிக்கே வந்துவிட்டதாகச் சொன்னாள். பஸ் மறுபடி வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

“கெவர்மென்டு ஆளுங்க டூட்டி முடிஞ்சா வீட்டுக்குல்ல போவாங்க?”

“கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டு. ஓவர்டயம்.”

“எங்களுக்கும் ஒண்ணு இருக்கு,” என்றாள். “காய் எடுக்குற காலத்துல சாக்கு நெறஞ்சாத்தான் சாயங்காலம் ஆகும். அதுக்கு என்ன பேருன்னு தெரியல.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு பஸ் திரும்பி வந்தது. மைத்துனர் இறங்கி, குழாயில் முகத்தைக் கழுவி, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினார். சாப்பிட்டாரா என்று கேட்டதற்குக் கையில் ஒரு வாழைப்பழத் தோலைக் காட்டினார். ஏற்றம் ஆரம்பமானது. நடத்துனர் ஆடுகளைக் கடைசி இருக்கைப் பக்கம் தள்ளினார். “ஆளுக்கு டிக்கெட்டு, ஆட்டுக்கு லக்கேஜ். கோழிய மடியில வச்சுக்க ஆத்தா, அது சும்மா வரட்டும்.” ரோட்டில் இன்னும் இரண்டு குடும்பம் ஓடி வந்தது. “மதி, மதி, போதும், இனி ஏத்தாதீங்க,” என்று மலையாளம் கலந்து கத்தினாள் ஆட்டுக்காரி. ஏற்றிக்கொண்டார்கள். நான் டிரைவருக்குப் பின்னால், கம்பியைப் பிடித்து நின்றேன்.

அந்தச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வேலையில் இருந்த காலத்தில் அவற்றில் நடந்த விபத்துகளைப் பல முறை எழுதியிருக்கிறேன். எந்த வளைவு, எத்தனை அடிப் பள்ளம், எத்தனை பேர் என்று எழுதத் தெரியும். நடக்காத விபத்து எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியரில் போட்டுவிட்டார். அதன் பிறகு எஞ்சினின் சத்தம் மாறவேயில்லை. ஒரே சீரான முனகல். வலது கால் பிரேக்கின் மேல் இருந்ததே தவிர அதை அழுத்தியதைச் சொற்ப தடவைதான் பார்த்தேன். அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தேன். நாங்கள் திரும்பிக்கொண்டிருந்த வளைவில் இல்லை. இரண்டு அடுக்கு கீழே, மரங்களுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரிந்த சாலையில் இருந்தது.

“மூணு,” என்றார் மெதுவாக. நடத்துனருக்குச் சொன்னது அது. நடத்துனர் பின்படிக்கட்டில் நின்று ஒரு கையால் வண்டியின் தகரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்த வளைவில் ஒரு சுற்றுலா ஜீப்பு மேலே வந்தது. அது கண்ணில் படும் முன்பே எங்கள் பஸ் மண் ஓரத்தில் ஒதுங்கி நின்றிருந்தது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலைச்சாலை முறை. அதற்கு அடுத்ததில் ஒரு லாரி. அதற்கு அடுத்ததில் இன்னொரு ஜீப்பு. மூன்றும் வந்து போயின. “காலி,” என்றார். வண்டி இறங்கியது. மறுபடி “ரெண்டு” என்றார். இரண்டு வந்தன. பதினேழு வளைவுக்கும் இது நடந்தது. ஒரு தடவைகூட எண் பிசகவில்லை. பக்கவாட்டில் வானம் திறந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. மாந்தோப்புகள், பொட்டிபுரம் பக்கத்து மொட்டைக் குன்று, போடியின் வெள்ளைக் கூரைகள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதினோரு மணி நேரமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மனிதர் இதைச் செய்துகொண்டிருந்தார்.

ஏழாவது வளைவுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன். பேச்சு நின்றிருந்தது. யாரும் பயத்தில் அமைதியாக இல்லை, பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். விடியலிலிருந்து நின்ற களைப்பு. ஆட்டுக்காரி ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். கயிறு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. பழுப்பு ஆடு பிடிப்பாரின்றி இருக்கைகளுக்கு நடுவே நின்றது. மிச்ச வளைவுகளில் அதன் கால்களையே பார்த்தேன். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். ஆடு ஒரு குளம்பைக்கூட மாற்றி வைக்கவில்லை.

அடிவாரத்தில் முந்தலில் இரண்டு நிமிடம் நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் இறங்கியிருந்த ஒரு சுற்றுலா வேனிலிருந்து பிரேக் தீய்ந்த வாடை அடித்தது. அதன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் பஸ்ஸின் பின்சக்கரத்தின் இரும்பில் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு. டீ டம்ளரை அதைவிடச் சூடாகப் பிடித்திருக்கிறேன். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

“என்ன மச்சான், காய்ச்சலா பாக்குறீங்க?” என்றார் மைத்துனர் ஜன்னலிலிருந்து.

ஐந்து இருபதுக்கு போடி. வெயில் இருந்தது. எல்லாரும் வெரசாக இறங்கி அடுத்த வண்டிகளுக்கு ஓடினார்கள். இறங்கியவர்களில் யாரும் டிரைவரைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர் டூட்டிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

சிவராத்திரி டூட்டியின் ஓ.டி. சேர்ந்த மார்ச் சம்பளச் சீட்டு ஏப்ரல் ஒன்றாம் தேதி கைக்கு வந்தது. அன்று காலை பத்து மணிக்கு மைத்துனர் என் வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்தார். வரி என்ற வரிசையில் இருந்த தொகையைப் பார்த்து, தட்டச்சுப் பிழை என்றேன். வாருங்கள் கேட்போம் என்று அவரை அழைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன்.

பில் எழுதுபவர் பொறுமைசாலி. என்னை உட்காரவைத்துக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். துண்டுக்கு மட்டும்தான் வரி என்று நான் சொன்னது சரிதான். ஆனால் பாதிதான் சரி. அந்தத் துண்டு தொடங்குவது இவர்கள் கோடு என்று சொல்லும் இடத்தில் இல்லை. அதற்கு வெகு கீழே. கீழிருந்தே வரி ஏறிக்கொண்டு வருகிறது. வருமானம் ஒரு வரம்புக்குள் நின்றால் அப்படி ஏறிய வரி முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். அதனால்தான் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி போய்விடும். அதுவரை சேர்ந்த வரி மொத்தமும் வந்து விழும். அந்த வரம்புதான் இவர்களின் கோடு. என் மைத்துனர் அதை இருநூற்றுச் சொச்சம் ரூபாயில் தாண்டியிருந்தார். சிவராத்திரியன்று ஓட்டிய அந்த ஒரு டூட்டி மட்டும் இல்லையென்றால் தாண்டியிருக்க மாட்டார். அதற்குக் கிடைத்த பணத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் வரியாகப் போயிருந்தது.

“மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள தெரிஞ்சிருந்தா ஒரு மருத்துவக் காப்பீடாவது போட்டுச் சரி பண்ணியிருக்கலாம் சார்,” என்றார் அவர். “இப்ப வருசம் முடிஞ்சிருச்சு.”

இப்போது புதிய வரிமுறையில் வரம்பு வெகு மேலே போய்விட்டது. தாண்டுகிற இடத்தையும் கொஞ்சம் சரிவாக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு, அவர் இருந்த முறையில், அது செங்குத்து. மலையில் சாலை போட்டவர்களுக்கு அந்த உயரத்தை இறக்கப் பதினேழு வளைவுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

அந்தக் காகிதத்தை நான் மூன்று முறை பார்த்தேன். எத்தனையோ பட்ஜெட் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். ‘தள்ளுபடி’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறேன். அது என்ன செய்யும் என்று டைரி வைத்திருந்த டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓ.டி.க்கு முழு விலக்கு கூடாது என்ற கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஓ.டி. வாங்கி யாரும் நஷ்டப்பட முடியாது என்ற வாக்கியம் அந்த இதழில் என் பெயரோடு அச்சாகியிருந்தது. அன்று மாலையே ஆசிரியருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன்.

டிப்போ வாசலில் அவரிடம் கேட்டேன். “பில் எழுதுறவரு இத ஒங்களுக்கெல்லாம் முன்னாலயே சொல்லியிருக்காரு. அப்புறம் ஏன் எங்கிட்டக் கேட்ட?”

“பாதி தெரியும் மச்சான். நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா, நான் அந்தச் சனத்துக்கு முன்னால இல்லன்னு சொல்லணும். ஆமான்னுட்டீங்க. ஏறுறதுக்கு லேசா இருந்துச்சு.”

நான் பணம் தருவதாகச் சொன்னேன். தவறு என்னுடையது, தொகையும் என்னுடையது என்றேன். அவர் தலையை ஆட்டினார். “நீங்க குடுத்தா அது சம்பளமும் இல்ல, ஓ.டி.யும் இல்ல. அத நான் என்னன்னு வாங்குறது?”

அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சம்பளச் சீட்டை வாங்கிப் படித்தாள். கட்டணம் கட்ட ஆறு நாள் இருந்தது. என்னிடம் திரும்பினாள்.

“அண்ணே, பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம்னு போடுவீங்கள்ல?”

“போடுவோம்மா.”

“எம் மக பரீட்சைக்கு எந்தப் பக்கத்துல போடுவீங்க?”

அவள் உள்ளே போய் காப்பி கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் இருந்தது. குடித்து முடித்தோம். பிறகு அவள் கணவரைப் பார்த்து, “சங்கத்துல எழுதிப் போடுங்க, வேற வழியில்ல,” என்றாள். அவர் சரி என்று எழுந்து, மதிய டூட்டிக்குச் சட்டையை மாற்றப் போனார்.

ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் நான்காம் நாள் கிடைத்தது. கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் கட்டினார்கள். பத்துத் தவணையில் கடைசித் தவணை அடுத்த ஜனவரிச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.